மூன்றடுக்கு வெறுங்கால்

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த சக்கர நாற்காலிகள் குவிந்து கிடக்கும் அறைக்கும் நடுவே அவருடைய பட்டறை இருக்கிறது. குதிகால் வலிக்காரர்கள், தட்டைப் பாதக்காரர்கள், சர்க்கரையில் கால் மரத்துப் போனவர்கள் என்று மாடியிலிருந்து டாக்டர் அனுப்பி வைக்கிறவர்களுக்கெல்லாம் ஷூவுக்குள் வைக்கும் மெத்தை செய்து கொடுப்பது அவர் வேலை. நுரைப்பெட்டியில் காலை அழுத்தச் சொல்லி அச்சு எடுப்பார். அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிப் பாதம் ஒன்றை வார்ப்பார். நுரைத் தகட்டைச் சின்ன அடுப்பில் இளக்கி அந்தப் பாதத்தின் மேல் படிய வைத்து, சாணையில் தேய்த்துத் தேய்த்து உருவத்துக்குக் கொண்டுவருவார். "எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. குதிகாலைக் காட்டுங்க, ஆள் யாருன்னு சொல்லிடறேன்" என்பார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் வெறுங்கால் ஷூ வாங்கினார்.

வெறுங்காலில் ஓடுவது போலவே இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டுச் செய்த ஷூ அது. அடிப்பாகம் அட்டை கனம்தான். குதிகாலுக்கு மெத்தை கிடையாது, பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடையாது. சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக நீ அடித்தளத்தில் உட்கார்ந்து தேய்த்ததெல்லாம் தண்டம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் ஷூ. பெட்டியைப் பிரித்துப் பார்த்த மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க, ஷூ எங்க? இது உறைதானே?"

"இதுதான் ஷூ."

"ஒண்ணுமே இல்லாத ஷூவுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?"

அவர் பெட்டியை வாங்கி மூடி வைத்தார். அதை வாங்கியதற்குக் காரணம் ஷூவில் இல்லை. மகள்தான் காரணம்.

மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வமாகிவிட்டது. "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தையே ஓட்டிவிடுவாள். அவர் ஏதாவது கேட்டால் அறைக்கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். காலையில் மட்டும் பூங்காவுக்குப் போய் ஒரு கூட்டத்தோடு ஓடிவிட்டு வருவாள். பல் டாக்டர் ஒருவர், பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி, பஸ் ஓட்டுகிறவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். எல்லாரும் வெறுங்கால் ஷூக்காரர்கள். ஒரு நாள் போகிற போக்கில், "அப்பா, நீங்களும் வேணா வாங்களேன்" என்றாள். பேச்சுக்குத்தான் கேட்டிருப்பாள். அவர் மறுநாளே கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு நடந்ததை அவர் இன்றும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். பூங்காவின் முதல் சுற்றிலேயே அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் பக்கத்தில் மெதுவாக ஓடிவந்த மகள் பேச ஆரம்பித்தாள். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் பெண் எல்லாவற்றையும் கீழே போட்டு உடைப்பதைச் சொன்னாள். எடுத்த படிப்பு தப்போ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் கிடந்ததைச் சொன்னாள். வருஷக்கணக்கில் வீட்டில் கேட்காத குரல். பூங்காவைச் சுற்றி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று துடைத்துக்கொண்டார்.

என்ன மாயம் இது என்று யோசித்தார். எல்லாரும் ஒரே மாதிரி ஷூ, ஒரே கூட்டம், அதனால்தான் மனம் விட்டுப் பேசுகிறாள் என்று முடிவு கட்டினார். சாதா ஷூ போட்டு வந்த அவரைக் கூட்டத்தில் வேறு ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். அன்று மாலையே கடைக்குப் போய் வெறுங்கால் ஷூவோடு திரும்பினார். மகளின் பக்கத்தில் இடம் நிலைக்க வேண்டும். அதற்கு அதைத்தான் போட வேண்டுமென்றால் போட்டுவிட்டுப் போகிறது.

ஒரே ஒரு சிக்கல். அவருக்கே தட்டைப் பாதம். இத்தனை காலமும் தானே செய்த மெத்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். இரண்டு வாரத்தில் குதிகால் குத்த ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முள்ளின் மேல் நிற்பது போலிருந்தது. இதே வலியோடு வருகிறவர்களிடம், "இந்த மாதிரி ஷூவெல்லாம் போடலாமா? உங்க காலைக் கேட்டீங்களா?" என்று வாய் கிழியத் திட்டுகிறவர் அவர். தன் காலை மட்டும் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் பட்டறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, மிக மெல்லிய நுரைத் தகடு ஒன்றை வெட்டி வெறுங்கால் ஷூவுக்குள் வைத்தார். மெத்தை இல்லை, வேர்வையை உறிஞ்ச ஒரு துணி மாதிரி என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. கொஞ்சம் மட்டுப்பட்டால் முழுக்க மட்டுப்படாதா என்ற ஆசை வந்தது. அடுத்த வாரம் வளைவுக்கு ஒரு தகடு. அதற்கடுத்து குதிகாலுக்கு ஒரு கிண்ணம். கைக்குத் தெரிந்த வேலை, அது பாட்டுக்குச் செய்துகொண்டே போனது. கடைசியில் ஒரு நாள் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் வெறுங்கால் ஷூவுக்குள்ளேயே ஒரு முழு ஷூவைச் செய்து வைத்திருந்தார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வலி போனதும் வாய் வந்துவிட்டது. "இந்த வயசுல எப்படி சார் வலியே இல்லாம ஓடறீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். தரையைப் பாதம் உணர வேண்டும், மெத்தை நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது, கால் என்பது பிறவியிலேயே முழுமையானது என்று ஓட்டம் முடிந்து நிற்கையில் தினமும் ஒரு பிரசங்கம். கூட்டம் அவருக்கு "அடிகளார்" என்று பெயர் வைத்தது. மெத்தை விற்றுச் சாப்பிடுகிற அடிகளார். உள்ளூர அவருக்கு உதறல்தான். பொய் வெளியே வந்தால் கூட்டம் சிரிக்கும், போகட்டும். மகள் என்ன நினைப்பாள்? பக்கத்தில் ஓடிவந்த அப்பாவே போலியா என்று நினைக்கமாட்டாளா? அறைக்கதவு மாதிரி காலை நேரமும் சாத்திக்கொண்டுவிடுமே. அந்தப் பயத்தில் ஷூவை வீட்டுக்குள்கூடக் கழற்றமாட்டார். குளியலறை வரை போட்டுக்கொண்டு போய், உள்ளே கழற்றி, துண்டில் சுற்றி அலமாரிக்கு எடுத்துப் போவார். அம்மாவும் பெண்ணும் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் நாள் பெய்த மழையில் சாலையெங்கும் தண்ணீர். பாலம் நெருங்கியதும் கூட்டம் இளைப்பாற நடக்க ஆரம்பித்தது; அடிகளார் தன்னை மறந்து பிரசங்கத்தில் இருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இரண்டு காலையும் விட்டார். தண்ணீர் உள்ளே போனதும் மூன்று அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பித்தன. மெத்தையின் உயரத்தில் குதிகால் ஏற்கெனவே ஷூவுக்கு வெளியேதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "கால் பிறவியிலேயே…" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது ஷூ கழன்று முன்னால் பறந்தது.

ஷூ மட்டும் பறந்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். அது உருண்ட வழியில் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பின்னால் வந்த பல் டாக்டர் குனிந்து ஒன்றை எடுத்தார். பஸ் ஓட்டுகிறவர் இன்னொன்றை எடுத்தார். பேங்க் அம்மாள் குதிகால் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிகளாரே, இதுவும் உங்களுதா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒருவர் குபீரென்று சிரித்தார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். கூட்டம் மேலே ஓடியது. முன்னால் போயிருந்த மகள் திரும்பி வந்து, ஷூவை எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"உன் மானத்தையும் சேர்த்து வாங்கிட்டேன்மா. நாளையிலேருந்து நான் வரல. நீ நிம்மதியா ஓடு."

"எனக்கு எப்பவோ தெரியும்ப்பா."

"என்னது?"

"எங்க ஷூவெல்லாம் சட் சட்டுன்னு கேக்கும். உங்களுது கொஞ்ச நாளா பொத்து பொத்துன்னு கேக்குது. பக்கத்துலயே ஓடற எனக்குக் காது இல்லையா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்க. இப்ப பாருங்க, வரமாட்டேன்னுதானே சொல்றீங்க?"

"நான் எதுக்கு வரணும்? உனக்கு சமமா ஓடக்கூட முடியல."

மகள் ஷூவின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"வீட்ல நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ஒன்பது வார்த்தை சொல்வீங்கப்பா. இப்படிப் பண்ணியிருக்கணும், அப்படிப் பண்ணியிருக்கணும்னு. அதனாலதான் சொல்றதையே விட்டுட்டேன். கூட்டத்தோட நிக்கும்போதும் நடக்கும்போதும்தான் உங்களுக்குப் பிரசங்கம். என்கூட ஓடும்போது உங்களுக்குப் பேச மூச்சே இருக்காது. புஸ்ஸு புஸ்ஸுன்னு கேட்டுட்டே வருவீங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

ஷூவும் இல்லை, கூட்டமும் இல்லை. அவர் வாயை அடைத்தது மூச்சுதான், அவள் வாயைத் திறந்துவிட்டதும் அதுதான். இதைக் கண்டுபிடிக்காமல் தகட்டுக்கு மேல் தகடாக அடுக்கிக்கொண்டிருந்த தன் மூளையை நினைத்து அவர் அன்று பூராவும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த நிமிஷத்தில் சொல்ல ஒன்பது வார்த்தை வந்தது. விழுங்கினார்.

அடிகளார் பட்டம் அன்றோடு போயிற்று. இப்போது கூட்டத்தில் அவர் பெயர் "மூன்றடுக்கு". தடித்த அடிப்பாகம் வைத்த பழைய ஷூவுக்குள் தன் மெத்தையை வெளிப்படையாக வைத்துக்கொண்டு தினமும் போகிறார். பல் டாக்டர் ஒரு நாள் பட்டறைக்கே இறங்கி வந்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நுரைப்பெட்டியில் காலை வைத்துவிட்டுப் போனார்.

ஓடி ஓடி உடம்பு பழகிவிட்டது. பூங்காவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இப்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. நேற்று மகள், படிப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். அவருக்கு நெஞ்சு நிறையக் காற்று இருந்தது, நாக்கு நுனி நிறையப் புத்திமதியும் இருந்தது. வாயை நன்றாகத் திறந்து, புஸ்ஸு புஸ்ஸென்று இரைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் ஓடினார்.