ஒன்பது காட்டிய தண்ணீர்

என் தங்கை புருஷனுக்குத் தெருவில் 'மீட்டர்' என்று பெயர். கேன் தண்ணீர் கம்பெனியில் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள் என்றால், இந்த மனுஷன் பேனா மாதிரியே ஒரு கருவி வைத்திருப்பார். தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். எண் குறையக் குறையத் தண்ணீர் உசத்தி என்பது அவர் கட்சி. யார் டம்ளர் நீட்டினாலும் முதலில் கருவியை முக்குவார், அப்புறம்தான் வாயை வைப்பார். "அறுநூறு! இதையா குடிக்கிறீங்க?" என்று வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பதறுவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே இந்தக் கூத்தை நடத்தினார். நான் அப்போதே கதவைச் சாத்தியிருப்பேன். என் தங்கைக்கு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது.

பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் வரை பால் மட்டும்தான் என்று நர்ஸ் என் தங்கையிடம் சொன்னபோது, மீட்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் காதில் வாங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் மாதம் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பினாள். பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் குழந்தை மீட்டர் பொறுப்பு. மத்தியானம் அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மாடியில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் என்னிடம் கொண்டுவந்து விடுவார். வெயில் மண்டையைப் பிளந்த ஒருநாள் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"புழுங்குற புழுக்கத்துல நமக்கே நாக்கு வறளுது. புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா என்ன மாப்பிள்ளை?" என்றேன்.

"இவ்ளோ சின்னக் கொழந்தைக்குக் குடுக்கலாமாக்கா?"

"உங்க கம்பெனித் தண்ணிதானே? அதைவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

அவ்வளவுதான், மனுஷன் உச்சி குளிர்ந்துபோனார். ஒரு வாய் என்று நான் சொன்னது தினமும் மூன்று புட்டியாக வளர்ந்தது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை, அதுதான் வினை. வயிறு நிறைந்த குழந்தை பாலைத் தொடவில்லை, அழவும் இல்லை. "பாத்தீங்களா, என்ன சமத்து!" என்று இரண்டு பேரும் பூரித்துப் போனோம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் கொண்டுவந்தபோது குழந்தையின் இமைகள் வீங்கியிருந்தன. கைகால் துவண்டு கிடந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் வாங்கி மடியில் போட்டதும் ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "தண்ணி குடுத்தீங்களா?" என்றுதான்.

"சுத்தமான தண்ணி டாக்டர். ஒன்பதுதான் காட்டும்."

"சுத்தம் இல்லப்பா பிரச்சினை. இந்தக் குட்டி கிட்னிக்கு அவ்வளவு தண்ணிய வெளிய தள்ளத் தெரியாது. ரத்தத்துல உப்பு நீர்த்துப் போயிருக்கு. நூத்திப் பத்தொன்பதுதான் இருக்கு."

"குறைஞ்சா நல்லதுதானே டாக்டர்?" என்றார் மீட்டர்.

அதைவிட மடத்தனமான கேள்வியை என் ஆயுசில் கேட்டதில்லை. ஆனால் கேட்டவர் சட்டைப் பையிலிருந்த கருவியை இறுக்கிப் பிடித்திருந்தார். "நூத்தி முப்பத்தஞ்சுக்குக் கீழ போகவே கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே ஓடினார்.

கடையிலிருந்து தங்கை அலறியடித்துக்கொண்டு வந்தாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "யாருங்க குடுக்கச் சொன்னா? யாரு சொன்னா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். குழந்தையின் துண்டை மடிக்க ஆரம்பித்தேன். ஊர்க் குழாயையெல்லாம் குறை சொல்லித் தீர்க்கிற மீட்டரின் வாய், "யாரும் சொல்லல. நானாத்தான் குடுத்தேன்," என்றது.

சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றி, மெதுமெதுவாக அந்த எண்ணை உயர்த்தினார்கள். மூன்றாம் நாள் குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. நாங்கள் எல்லாரும் கூடவே அழுதோம். எவ்வளவு வெயில் அடித்தாலும் பாலை அடிக்கடி கொடுத்தால் போதும், அதிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, பால் பவுடர் கரைத்தாலும் டப்பாவில் அச்சிட்டிருக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்ட ஆரம்பித்ததும், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மூன்று மிடறு தரலாம், நாள் முழுக்கச் சேர்த்தாலும் அரை டம்ளர் போதும் என்றார். மீட்டர் அதைக் கைப்பட எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

இப்போது குழந்தைக்கு ஏழு மாதம். சொந்தக்காரர்கள் வந்தால் இந்தக் கதைதான் ஓடும். 'தண்ணி ஊத்தியே புள்ளைய முடிக்கப் பாத்தவரு' என்று கேலி பண்ணுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், வெட்கங்கெட்ட ஜென்மம். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

நேற்று காலை தங்கை வேலைக்குக் கிளம்பும்போது மாடிக்கு வந்தாள். பின்னாலேயே அவர் குழந்தையோடும் தண்ணீர்க் கிண்ணத்தோடும் நின்றார்.

"அக்கா, இவ சாப்பிடுற வரைக்கும் நீ கூட இரு. இவரை நம்பித் தனியா விட முடியாது. உன்னைத்தான் நம்புறேன்."

அவர் குழந்தையை என் மடியில் வைத்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.