இடது பக்கக் கண்ணாடி

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதுதான் காரின் முன்பக்க இடது கண்ணாடி இறங்க மாட்டேன் என்று மக்கர் பண்ணியது. அதற்கு அன்றைக்குத்தானா நாள் கிடைத்தது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இருப்பது ராஜபாளையம். டயாலிசிஸ் மெஷினில் எங்களுக்கு இடம் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். செவ்வாய், வியாழன், சனி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் விடியுமுன்னே எழுந்து, அவளைக் கிளப்பி, கைத்தாங்கலாகக் காரில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டும். அவள் மெஷினில் படுத்திருக்கும் நேரம் முழுக்க நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்த உட்காரலைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் துவைப்பது, உப்பில்லாமல் சமைப்பது, தண்ணீரை அளந்து கொடுப்பது. அதற்குள் அடுத்த முறை வந்து நிற்கும். ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக மூன்று ஷிப்டும் பார்த்துக் கழித்தவன் நான். அலுப்பு என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது.

மெஷினிலிருந்து எழுந்து வந்தால் அவளுக்கு உடம்பு வெடவெடக்கும். ஏசி போடக் கூடாது. போடாமல் கண்ணாடியையும் அடைத்தால் மூச்சு முட்டிக் குமட்டும். பின்சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடுகிறது என்பாள். ஆக, முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கி, முகத்தில் காற்று படப் படுத்துக்கொண்டே வருவதுதான் வழக்கம். வியாழக்கிழமை மற்ற மூன்று கண்ணாடிகளும் ஒழுங்காக இறங்கின. அவள் பக்கத்தது மட்டும் இறங்கவில்லை. வழியில் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் வந்து படுத்தவள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"போதும். இனிமே நான் வரல."

இதற்கு முன்னும் அலுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இந்த முறை குரலில் அழுகையோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு முறை தவறினாலே கால் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணாடியைச் சரிபண்ணிவிட்டால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன். சரிபண்ணக் கையில் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

காலையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் ப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. டிரைவர் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. உடனே மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். போனில் தெலுங்கில் யாரிடமோ பேசிவிட்டு, மதுரையிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமை ஆகிவிடும் அண்ணாச்சி என்றார்.

நான் சுவிட்சை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காருக்குள் கூரையில் எரிந்த சின்ன விளக்கு ஒரு நொடி மங்கி நிமிர்ந்தது. செத்த மோட்டார் கரண்ட் இழுக்காது. இது இழுக்கிறது, சுற்ற முடியாமல் திணறுகிறது என்றால் எதுவோ தடுக்கிறது என்றுதானே அர்த்தம்? மில்லில் பாதிப் பழுது இப்படித்தான், மோட்டாரைக் குறை சொல்லி முடித்தபிறகு உள்ளே பஞ்சு அடைத்திருப்பது தெரியும். அவரிடம் சொன்னேன். அவரும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் கதவைப் பிரிக்க அவருக்கு அன்று நேரமில்லை. மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை, மலைப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பும் வேன்களெல்லாம் அவர் கடை வாசலில் வரிசையாக நின்றன. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே உட்கார்ந்தேன். கைப்பிடிக் குழிக்குள் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேட் ஒவ்வொரு கிளிப்பாக விட்டுக்கொடுத்தது. இரண்டு கிளிப் உடைந்தன. வயசான வண்டி, வயசான கை, உடையத்தான் செய்யும். அதன் பின்னால் கறுப்புப் பிசினால் ஒட்டியிருந்த பாலிதீன் தாளை உரித்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்குவது கத்திரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் ஓர் இரும்புக் கை. அதன் அடியில் பல் சக்கரம், அதை மோட்டார் சுற்றும். டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு குறுக்கே நின்றது. கண்ணாடி ஏறும்போது உள்ளே இழுபட்டு, இறங்கும்போது மாட்டிக்கொண்டிருக்கிறது.

அது மட்டுமல்ல. கதவின் அடியில் கையை விட்டால், காய்ந்த சகதியோடு சகதியாகக் காசுகள். அள்ள அள்ள வந்தன. எங்கள் கார்க் கதவுக்குள் ஓர் உண்டியலே இருந்திருக்கிறது.

யார் போட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், இடது பக்கம் ஒரு மாடசாமி கோயில் உண்டு. லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் நிறுத்தாமலே ஒரு காசை வீசிவிட்டுப் போவார்கள். வழிக்குத் துணை என்று நம்பிக்கை. எங்களுக்கும் இறங்கிக் கும்பிட நேரம் இருக்காது, மெஷினுக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் என் மனைவியும் போகும்போதெல்லாம் வீசுவாள். சாமிக்கு இடது கையால் கொடுப்பது தப்பு. இடது கையில்தான் ஊசி குத்துகிறார்கள் என்பது வேறு. அதனால் நெஞ்சுக்குக் குறுக்கே வலது கையைக் கொண்டுவந்து, இடது பக்க ஜன்னல் வழியாக வீச வேண்டும். எட்டிப் போய் விழாவிட்டால் ஜன்னல் விளிம்பிலேயே விழும். கண்ணாடி முழுசாக இறங்கியிருக்கையில் அந்த விளிம்பில் ஒரு சந்து இருக்கும். அதை மூடி நிற்கவேண்டிய பீடிங் ரப்பர் வெயிலில் காய்ந்து சுருங்கி, வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

காசைப் பிடுங்கியதும் கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது, ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காசுகளை ஒரு டப்பாவில் போட்டுக் காரின் மேல் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனேன். கண்ணாடி சரியாகிவிட்டது, நாளைக்குக் கிளம்பலாம் என்றேன்.

"நான் வரலன்னு சொன்னேம்லா" என்றாள், திரும்பாமலே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இடுப்பு ஒடிய உட்கார்ந்து பிரித்துச் சரிபண்ணியிருக்கிறேன், அதற்கு ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடிக்காகத்தானே வரமாட்டேன் என்றாய், இப்போது என்ன என்று கத்தினேன். அவள் மெல்லப் புரண்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள காசு கெடந்துச்சா?"

நான் காசைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். விழுகிற சத்தம் தனக்குக் கேட்கும் என்றாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன், எனக்குக் கேட்காது. முதலில் ஒன்றிரண்டு உள்ளே விழுந்தபோது கை தவறிவிட்டது என்று நினைத்தாளாம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை போட்டதும் உள்ளேதான் விழுந்தது.

"இப்பல்லாம் ஒண்ணுகூட வெளிய போவல. அவரு வாங்க மாட்டேங்காரு. பொறவு எதுக்கு இப்படிப் போயிட்டும் வந்துட்டும் கெடக்கணும்? நீங்களும் ஓஞ்சு போயிட்டீய."

நான் பெரிய பக்திமான் இல்லை. சாமி வாங்குகிறாரா இல்லையா என்று அவளோடு வாதாட எனக்குத் தெரியாது, தெம்பும் இல்லை. நான் ஓய்ந்துபோய்விட்டேன் என்று அவள் சொன்னது நிஜம். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் வலித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கதவு ஒன்றுதான். வெளியே போய், பீடிங் ரப்பரை உருவி எடுத்துக்கொண்டு வந்து, எழுந்து உட்கார்ந்திருந்தவள் மடியில் வைத்தேன். அது காய்ந்த முருங்கைக்காய் போல முறுக்கிக் கிடந்தது.

இதுதான் காரணம், சாமியும் இல்லை பூதமும் இல்லை என்றேன். ரப்பர் சுருங்கிச் சந்து விழுந்துவிட்டது, யார் போட்டாலும் உள்ளேதான் போகும், நான் போட்டாலும் போகும் என்று விரலை வைத்து அளந்து காட்டினேன். புது ரப்பர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும், பஜாரில் கடை அடைப்பதற்குள் போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்தப் பயமாக இருந்தது.

அந்த ரப்பர் காய்ந்து வருஷக் கணக்காகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த புதிதில் இதே ரப்பர்தான், இதே சந்துதான். அப்போது அவள் வீசிய காசு கோயில் மேடையிலேயே போய் விழும். அதை நானே பார்த்திருக்கிறேன். மில்லில் ஒரு மெஷினைத் திறந்தால் இருக்கிற பழுதையெல்லாம் சொல்லிவிட வேண்டும், ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது. எனக்கு அன்றைக்கு ஒன்றை மட்டும்தான் சொல்ல வாய் வந்தது. மற்றதை மாற்ற எந்தக் கடையிலும் சாமான் கிடையாது.

அவள் ரப்பரை வலது கையில் எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. விரல்கள் சற்று நேரம் அதைப் பிடித்திருந்துவிட்டுத் தாமாகவே விட்டுவிட்டன. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் மட்டுந்தானா?"

"ரப்பர் மட்டுந்தான்."

கல்யாணமான நாளிலிருந்து என் பொய் ஒன்றுகூட அவளிடம் எடுபட்டதில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. பிறகு ரப்பரை என்னிடம் நீட்டினாள்.

"செரி, மாத்திட்டு வாங்க. நாளைக்கு வாரேன்" என்றாள். நான் வாசலைத் தாண்டுமுன் மறுபடி கூப்பிட்டாள். "அந்தக் கோயில்கிட்ட மட்டும் செத்த ஓரமா, மெதுவாப் போங்க."