கடல் விமானத்தின் பிராக்கெட்

உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்த பிராக்கெட்டில், சோதனைக்கென்று ஓரத்தில் மிச்சம் விட்ட நாக்குத் துண்டை, கடினம் அளக்கும் பிரினெல் மெஷினில் வைத்து அழுத்தினேன். நூறு வரவேண்டிய இடத்தில் எழுபதுகூட வரவில்லை.

யுத்த காலம். தூத்துக்குடித் துறைமுகப் பட்டறையில் நான் உலை மேஸ்திரி. பழுதாகி நின்ற கடல் விமானம் ஒன்றின் இறக்கையைத் தாங்க, அலுமினியக் கலவையில் இரண்டு பிராக்கெட் செய்திருந்தோம். ஒன்று பொருத்த, ஒன்று கையிருப்பு. வேறு தகடு கிடையாது. கடினம் குறைந்தால் இறக்கை நடுவானில் முறியும், ஓட்டுகிறவன் பிழைக்க மாட்டான்.

பதினைந்து வருடம் உளியும் கடப்பாரையும் அடித்தவன் நான். உளியைக் காய்ச்சி முக்கினால் அந்த நிமிஷமே விறைத்துவிடும். இதற்குச் சூடு பற்றவில்லை என்று நானே முடிவு கட்டினேன். விமான வேலையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் வரும்வரை பொறுக்காமல், இரண்டாவதை அவர் எழுதிக் கொடுத்த ஐந்நூறு டிகிரிக்கு மேலே ஏற்றினேன். இரும்பு என்றால் நிறம் மாறிச் சொல்லும். இது ஒன்றும் சொல்லாமல் ஓரமெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது.

மதியம் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மறைக்காமல் சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் செஞ்சிட்டிய? மொதல்ல முக்குனது எங்க?"

"அங்கன பெஞ்சுல கெடக்கு. அதுவும் பிரயோசனமில்ல சார்."

"அதத் தொடாதிய. நாலு நாள் போவட்டும்."

"திரும்பச் சூடு போடாண்டாமா?"

"ஒண்ணும் செய்யாண்டாம். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

என்னைத் தேற்றச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மறுநாள் அழுத்திப் பார்த்தேன். தொண்ணூறு! மெஷின்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அழுத்தினேன். அதே தொண்ணூறு. நாலாம் நாள் நூற்றிரண்டு. உலையும் இல்லை, சுத்தியலும் இல்லை. வெறும் பெஞ்சில் கிடந்த உலோகம் தனக்குள்ளேயே இறுகியிருக்கிறது. முக்கிய பிறகு நாள் போகப்போக இறுகுவதுதான் இந்தக் கலவையின் குணம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. எங்கள் புன்னைக்காயல் மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதைப் பொருத்தித்தான் விமானம் கிளம்பியது. துறைமுகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, கடல்மேல் பத்திரமாக வந்து இறங்கும்வரை நான் கரையைவிட்டு நகரவில்லை.

நான் கெடுத்த பிராக்கெட்டை உலைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே தொங்கியது. பழக்கமில்லாத உலோகம் எது வந்தாலும், அந்தக் கொப்புளங்களை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உலையைத் திறப்பேன்.