தூங்கும் நத்தைக்கு ஒரு மூலை

ஆறு நாள் ஓசூர் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் மங்கம்மா, ஞாயிற்றுக்கிழமையானால் முதலாளி. உத்தனப்பள்ளி சாலையோரம் அடுப்பு மூட்டி, ஊர் ஏரியில் தானே பொறுக்கிய நத்தைகளை மிளகு தூக்கலாக வறுத்து விற்பாள். முகம் சுளித்துக்கொண்டு வரும் வெளியூர்ப் பையன்கள் இரண்டாம் தட்டு கேட்பார்கள். அந்த ஒரு நாள்தான் யாரும் அவளை அதட்டாத நாள்.

இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. ஏரி வறண்டு வெடித்தது, அடுப்பு அணைந்தது. இந்தக் கோடையில் வண்டல் அள்ள பொக்லைன் வந்தபோது, ஆழமானால் தண்ணீர் நிற்கும் என்று மங்கம்மாவும் மகிழ்ந்தாள். வேடிக்கை பார்க்கப் போன ஞாயிறன்று, டிராக்டரில் ஏற்றிய மண்கட்டி ஒன்று காலடியில் விழுந்து உடைந்ததும் அந்த மகிழ்ச்சி போயிற்று. உள்ளே, மூடி போட்ட நத்தைகள். ஏரியின் நத்தை வம்சமே வண்டியேறி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சின்னராஜு, நிறுத்துடா!"

பொக்லைன் ஓட்டும் சின்னராஜ் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா, புதையலா?"

"நத்தைடா. தூங்குது."

"வேலை நேரத்துல தூங்குனா எங்க காண்ட்ராக்டர் வுட மாட்டாருக்கா. செத்துப்போச்சு, தூக்கிப் போடு."

அவள் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஒன்றைப் போட்டாள். அசையவில்லை. அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். மங்கம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எடுத்து முகர்ந்தாள். நாற்றமில்லை, கையில் கனம் இருந்தது. மறுபடி தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மதியச் சோற்றுக்கு இறங்கியவன் டப்பாவைப் பார்த்து அப்படியே நின்றான். மூடி திறந்திருந்தது. சின்னக் குழல் ஒன்று நீண்டு, தண்ணீருக்கு மேலே காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"யக்கா, தும்பிக்கை வுடுது!"

"உள்ள மீனாட்டம் செவுளு, மேல வந்தா நம்மளாட்டம் மூச்சு. தண்ணி வத்துனா மண்ணுக்குள்ள போயி மூடிக்கும். அந்தக் கெழக்கு மூலைய மட்டும் வெட்டாத சாமி."

"காண்ட்ராக்டர் கேட்டா?"

"ஏரி ஊரோடது. ஊர்க்காரி கேட்டான்னு சொல்லு. மொதத் தட்டு உனக்கு."

மூலை தப்பியது. வண்டிகளிலிருந்து பொறுக்கியவற்றையும் கூடையில் கொண்டுவந்து அங்கேயே புதைத்தாள்.

ஐப்பசியில் ஏரி பாதி நிறைந்தது. ஒரு ஞாயிறு சின்னராஜ் வந்து நின்றான். "எங்கக்கா என் தட்டு?"

மங்கம்மா அவனைக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போனாள். தண்ணீருக்கு மேலே, ஈரக் கரைப் பொந்தில், ஜவ்வரிசியைக் குவித்தது போல வெள்ளை முட்டைகள்.

"எட்ட நின்னு பாரு. பொரிச்சு, வளந்து, ஏரி ரொம்பட்டும்."

"அதுவரைக்கும் நான் என்னாத்த திங்கறது?"

"முட்டை போண்டா."

அவன் பொந்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கோழி முட்டைடா!" என்று சிரித்தபடி, அடுப்பு மூட்ட நடந்தாள் மங்கம்மா.