சீசன் முடியும் வரை

ரயில் சீசன் டிக்கெட் என்றால் என் கணவருக்கு நம்பிக்கை இல்லை. "போகாத நாளுக்கும் சேர்த்துக் காசு வாங்கிற வேலை அது" என்பார். அவர் எங்கள் ஊரான தம்பலகாமத்தில் வயல் செய்தவர். வயலுக்குச் சைக்கிளில் போகிறவருக்குச் சீசன் எதற்கு? நான் திருகோணமலை நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கல்யாணமான காலத்திலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருகிறவள். கந்தோர்க் கடிதத்தைக் காட்டினால் எங்களுக்குச் சீசன் மலிவு. அந்த மலிவிலும் அவருக்குச் சந்தேகம். பௌர்ணமிப் போயா விடுமுறை, நான் லீவு போட்ட நாள், ரயில் வராமல் விட்ட நாள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, "இந்த மாசம் உமக்கு நட்டம்" என்று அறிவிப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் ஆற்றில் போடவே மாட்டார்.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. எங்கள் பக்கத்து வயல்காரர் பலருக்கு வந்த நோய்தான். தண்ணீர் என்றார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணத்தை வைத்து நான் என்ன செய்ய? வாரத்தில் இரண்டு நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்றார் டொக்டர். நிறுத்தினால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார். டொக்டர் மறைக்கவில்லை. இரண்டு கிழமை, கூடினால் மூன்று வாரம் என்றார். நான் அழுதேன். இவர் என்னிடம், "எவ்வளவு செலவாகுமாம்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் செலவில்லை. போக்குவரத்துத்தான் செலவு. வாரத்தில் இரண்டு நாள் போகிறவர் அன்றன்றைக்கு டிக்கெட் எடுப்பதுதான் லாபம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு நாள் போய்விட்டு மூன்றாம் நாள் "இண்டைக்கு விடுவம்" என்று படுத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. முன்கூட்டியே கட்டிய காசை அவர் வீணாக விடமாட்டார். ஆகவே அவரைக் கேட்காமல், அவருடைய படத்தைக் கொடுத்து ஒரு மாதச் சீசன் எடுத்தேன். அவருக்குக் கந்தோர்ச் சலுகை கிடையாது. முழு விலை.

"ஏன் எடுத்தனீர்? இது பெரிய நட்டமெல்லே" என்று அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்தாச்சு. இனிக் குடுத்தாலும் காசு தரமாட்டாங்கள்" என்றேன். அது உண்மையோ என்று நான் விசாரிக்கவேயில்லை.

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டு நாள் போனால் நட்டம் என்பதால் ஐந்து நாளும் வரத் தொடங்கினார். ஆஸ்பத்திரி இல்லாத நாளிலும் விடிய எழும்பிச் சேர்ட் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனில் நிற்பார். "நோயாளி வீட்டில கிடக்கிறதுக்கு என்ன?" என்று ஏசினேன். "சீசன் கிடக்குதெல்லே" என்றார். அதற்கு மேல் கதை இல்லை. மாதம் முடிய முடிய நானும் அவருக்கு அடுத்த சீசனை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் காலை ரயில் கொழும்பிலிருந்து இரவெல்லாம் ஓடி வருவது. நாங்கள் ஏறும்போது கொழும்புக்காரர் சீற்றில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சீசன்காரர், தினமும் ஒரே பெட்டியில் ஏறும் கூட்டம், அவர்களைத் தட்டி எழுப்பி இடம் பிடிப்போம். இவர் வந்த பிறகு அவருக்கு ஜன்னலோர இடம் என்று ஆகிவிட்டது. வழியில் சீனன்குடாவில் துறைமுகத்துத் தண்ணீர் தண்டவாளத்துக்குக் கிட்ட வரும். நான் அதைப் பார்த்து எத்தனையோ வருடம். அந்த இடத்தில் நான் வழக்கமாகத் தூங்குகிறவள். இவர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பார். சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரும் அளவுதான், ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். "இவ்வளவு தண்ணி கிடக்கு, ஒரு முடறு குடிக்க ஏலாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நான் மட்டும் சிரிப்பேன், அவருக்காக.

ஆஸ்பத்திரி நாளில் மத்தியானமே அவரை விட்டுவிடுவார்கள். முகம் சுருங்கி, குழாய் குத்திய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ப் படுங்கோ என்று காசைக் கையில் திணித்தாலும் வாங்கமாட்டார். சீசன் இருக்கும்போது பஸ்ஸுக்குக் காசு கொடுப்பதா? மாலை ரயில் வரும்வரை ஸ்டேஷனில் உட்காரப் போட்டிருக்கும் மர வாங்கில் சாய்ந்திருப்பார். கந்தோர் முடிந்து நான் ஓடிவரும்போது வாங்கில் அவர் தலை தெரிகிறதா என்று தூரத்திலேயே பார்ப்பேன்.

மற்ற நாட்களில் துறைமுகப் பக்கம் நடப்பார். கப்பல் நின்றால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மத்தியானம் என் கந்தோர் வாசலுக்கு வருவார். மதிலோரம் மர நிழலில் சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவோம். நகரத்துத் தெருக்களில் மேய்ந்து திரியும் மான்கள் வெட்கமில்லாமல் வந்து மூக்கை நீட்டும். "போ, இது உப்பில்லாத சோறு, உனக்கும் பிடிக்காது" என்று அவற்றை விரட்டுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்தைந்து வருடம் ஒன்றாய் வாழ்ந்தும் வேலைநாளில் இருவரும் ஒன்றாக மத்தியானச் சோறு தின்றது அந்த மாதங்களில்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். நோயாளிப் புருஷனை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் இரண்டு நாள் மூன்று நாளானது. மெஷினில் இருக்கும்போது நெஞ்சு இறுக்கும், கால் நரம்பு சுருட்டி இழுக்கும், தின்றதையெல்லாம் சத்தி எடுப்பார். துறைமுகப் பக்கம் நடப்பது நின்றது. ஒரு மாதக் கடைசியில், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இஞ்ச பாரும். வாற மாசம் எனக்குச் சீசன் எடுக்காதையும்."

"ஏன்?"

"போதும். களைச்சுப் போனன்."

எடுத்த கவளத்தைப் பார்சலிலேயே திரும்ப வைத்தேன். ஆனால் நான் அவரோடு வாக்குவாதப்படவில்லை. அவருடைய மொழியில் பதில் சொல்லத் தெரிந்தவள் நான். அன்று மாலையே கவுண்டருக்குப் போய் அவருக்கு மூன்று மாதச் சீசன் எடுத்தேன்.

அட்டையைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "மூண்டு மாசமோ?"

"மாதாமாதம் எடுக்கிறதிலும் பார்க்க இது குறைவு. கணக்குப் பார்த்துத்தான் எடுத்தனான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அகப்பட்டுக்கொண்டவருடைய பார்வை. "சரி. காசு கட்டிப்போட்டீர்" என்றார். அட்டையைச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த மூன்று மாதமும் வந்தார். சீசன்காரர் இருவர் கைகொடுத்துப் பெட்டிக்குள் ஏற்றினால்தான் ஏற முடியும் என்ற நிலையிலும் வந்தார். ஆஸ்பத்திரி இல்லாத நாளிலும் ஒரு நாள் தவறவில்லை. என் கந்தோர் வாசலில் கதிரை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள், அதில் இருப்பார். "அக்கா, அண்ணை நல்ல மனத்தைரியமான ஆள்" என்று கந்தோரில் மெச்சினார்கள். நானும் அதைத் தைரியம் என்றே நம்பினேன். தேறி வருகிறார் என்றுகூட நம்பினேன். மனம் தனக்கு வேண்டியதைத்தானே நம்பும்.

சீசன் முடிகிற நாள் மாலை. ஸ்டேஷனில் அவரை வாங்கில் இருத்திவிட்டுக் கவுண்டரை நோக்கித் திரும்பினேன். என் கையைப் பிடித்தார்.

"எங்க போறீர்?"

"சீசன் எடுக்க."

"வேண்டாம். இண்டையோட முடிஞ்சுது." அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உம்மட காசில ஒரு நாளும் நான் வீணாக்கேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

"அப்ப இனி விடும்."

அப்போதுதான் விளங்கியது. அவர் தேறி வந்ததும் இல்லை, மனம் மாறினதும் இல்லை. அன்று சோற்றைப் பிசைந்தபடி எடுத்த முடிவில் அப்படியே நின்றிருக்கிறார். நான் கட்டின காசுக்காக மூன்று மாதம் வலியைச் சுமந்திருக்கிறார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஸ்டேஷனில் அத்தனை பேருக்கு நடுவில், "நீங்கள் மனுசனோ? எனக்காக இருக்க ஏலாதோ, சீசனுக்காகத்தான் இருப்பியளோ?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "சீசன் எடுத்தது ஆர்? நீர்தானே. பிறகென்ன ரெண்டையும் வேறையாக் கதைக்கிறீர்."

அடுத்த நாள் அவர் எழும்பவில்லை. டொக்டரிடம் போவோம், இன்னும் ஒரு தடவை மெஷினில் ஏற்றுவோம் என்று கெஞ்சினேன், காலைப் பிடித்தேன், அயலாரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தேன். அசையவில்லை. கந்தோருக்கு லீவு அறிவித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய சீசனை நான் அந்த மாதத்துக்கு ஏற்கெனவே எடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு ரயில் கூவுவது தெளிவாகக் கேட்கும். கட்டிலில் கிடந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். ரயில் வந்து நின்று புறப்பட்டதும், "அந்தா போகுது உம்மட காசு" என்பார்.

"போகட்டும்."

"இன்னும் நேரமிருக்கு, நாளைக்காவது போம். நான் இஞ்சதானே கிடப்பன்."

"போகமாட்டன். நட்டமாகட்டும்."

ஒவ்வொரு காலையும் இதே சண்டை. உடம்பு வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சுக் குறைந்து வந்தபோதும் இந்தச் சண்டைக்கு மட்டும் அவருக்கு மூச்சு இருந்தது. கடைசியில் "காசு" என்ற ஒரு சொல்தான் வந்தது. "போகட்டும்" என்று நானும் ஒரு சொல்தான் சொன்னேன். அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அந்தச் சண்டைக்காகவே நான் விடியும்வரை காத்திருக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் கிழமை முடியும்போது ஒரு காலை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தேன். ரயில் கூவியது. வந்து நின்றது. புறப்பட்டுப் போனது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.