கதவடியில் வைத்த பனஞ்சிலாகை

சரிபுதீன் நானா அடுக்கிய கொள்கலனுக்குள் ஓர் ஈர்க்குக்கூட நுழையாது என்று எங்கள் முற்றத்தில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் சரிபுதீன் நானாதான்.

நாங்கள் மன்னாரிலிருந்து பனந்தும்பு அனுப்புகிறோம். பேசாலைப் பக்கத்துப் பெண்கள் தும்பைச் சீவிக் காயவைத்துத் தருவார்கள். அது தூரிகை செய்கிற வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகும். சரிபுதீன் நானா கட்டுகளை ஏற்றுவார். நான் அதற்குரிய காகிதங்களை எழுதுவேன். முதலாளி மேரிசெல்வி அக்கா. எட்டு வருடமாகக் கொழும்பு வியாபாரி ஒருவரின் பெயரிலேயே எங்கள் சரக்குப் போனது. போன ஆடியில்தான் முதன்முதலாக எங்கள் சொந்தப் பெயரில், அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கொள்கலன் கிடைத்தது. அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுவதும் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சேராவிட்டால் மறுபடியும் கொழும்பு வியாபாரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த நாட்டுக்காரருக்கு மரம் என்றால் பயம். மரத்துக்குள் பூச்சி வந்துவிடுமாம். சூடு காட்டி முத்திரை குத்திய மரத்தைத் தவிர வேறு ஒரு துண்டும் உள்ளே இருக்கக்கூடாது. இருந்தால் கொள்கலனைத் திருப்பியே அனுப்பிவிடுவார்கள். ஒரு கிழமையாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது. வெள்ளிக்கிழமை காலை பாதி ஏற்றும்போது போய்ப் படமும் எடுத்தேன்.

“நானா, மரம் ஒண்டும் வைக்கேல்லைத்தானே?”

“என்ன தங்கச்சி, என்னில நம்பிக்கை இல்லையா? இல்லையெண்டு எழுதுங்கோ.”

எழுதினேன். “மரம் பாவிக்கப்படவில்லை” என்ற இடத்தில் அடையாளமிட்டு, கையெழுத்தும் வைத்து, கொழும்பில் எங்கள் கப்பல் வேலையைப் பார்க்கும் முகவருக்கு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டே காலுக்குக் கதவு சாத்தி, சீல் அடித்து, சாரதி டிலக்‌ஷன் லொறியை எடுத்துக்கொண்டு போனான். நானா ஜும்ஆவுக்கு ஓடினார். சனிக்கிழமை மதியத்துக்கு முன் கொள்கலப் பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். நான் நிம்மதியாகச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

ஒன்றரை மணிக்கு நானா நான் காகிதம் எழுதும் கந்தோருக்குள் வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. கையில் ஒரு முழ நீளத்தில் பனைமரச் சட்டம், பனஞ்சிலாகைத் துண்டு, ஒரு பக்கம் புதிதாக அறுத்தது.

“தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விளங்காத மாதிரி இருந்தேன்.

“இது மற்றப் பாதி. கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கையளவு இடம் இருந்திச்சு. பாங்கும் சொல்லிட்டாங்க, டிலக்‌ஷனும் ஹோர்ன் அடிக்கிறான். வேலியோரம் கிடந்த சிலாகையை அறுத்து இறுக்கிட்டன். கை தன்பாட்டுல செஞ்சிட்டு. தொழுதிட்டு வந்து மரம் அறுத்த வாளை எடுத்து வைக்கேக்குள்ளதான் இதைக் கண்டன்.”

எங்கள் ஊரில் கதவு ஆடினால் பனஞ்சிலாகை, கட்டில் ஆடினால் பனஞ்சிலாகை, கரையேற்றிய வள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கவும் அதே பனஞ்சிலாகை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனாலும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு எனக்கு அதைவிடக் கேவலமான ஒரு யோசனை வந்தது.

“ஒரு துண்டுதானே நானா. ஆர் பாக்கப்போறாங்கள்?”

“கதவைத் திறக்கிறவன் பாப்பான். அவன் முதல்ல காணுறதே அதைத்தான்.” சிலாகைத் துண்டை என் மேசையில் வைத்துவிட்டு, “நான் அக்காட்ட சொல்லப்போறன். நீங்க சொல்ல வேணாம்,” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சும்மா இருந்திருந்தால் அந்தப் பொய் என் கையெழுத்தோடுதான் கடல் கடந்திருக்கும்.

மேரிசெல்வி அக்கா திட்டவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. “லொறியை நிப்பாட்டுங்கோ,” என்று மட்டும் சொன்னா. நான் டிலக்‌ஷனுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. மூன்று பேரும் அக்காவின் வான் வண்டியில் ஏறி, முருங்கன் ஊரைத் தாண்டும் வரை பதினொரு தரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் நானா என் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டாம் தரம் எடுத்தவன், “மதவாச்சிக்குக் கிட்ட, சாப்பாட்டுக் கடையில நிக்கிறன். போன் லொறிக்குள்ள கிடந்தது,” என்றான், நல்ல ஏப்பத்தோடு.

வழியில் நானா தன் இடது காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் காலில் இரண்டு விரல் இல்லை. அதன் கதையை அன்று சொன்னார். தொண்ணூறில், போருக்கு நடுவே, முஸ்லிம்களை மன்னாரைவிட்டுப் போகச் சொன்னபோது அவருக்குப் பதினொரு வயது. கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில் ஆட்களுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டியைச் சும்மா வைத்துவிட்டார்கள். அலையில் அது சறுக்கி வந்து காலில் விழுந்தது. “கட்டாத சாமான் கடலுல உயிரெடுக்கும்,” என்று அன்றுதான் ஒருவர் சொன்னாராம். அதன் பிறகு கொழும்புத் துறைமுகத்தில் பதினைந்து வருடம் மூட்டை அடுக்கினார். திரும்பி வந்து சிலாவத்துறையில் குடியேறினார். அவருக்குக் கையளவு இடத்தைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்த முடியாது. ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடை வளவில் லொறி நின்றது. கதவில் அடித்த சீலை வெட்டினோம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நான் படம் எடுத்தேன். கதவைத் திறந்ததும் சிலாகை முதல் ஆளாக நின்றது. நானா அதைச் சுத்தியலால் தட்டி எடுத்தார்.

இப்போது அந்த இடத்தை எதால் நிரப்புவது? வைக்கோல் கூடாது, பழைய சாக்கும் கூடாது. கடதாசியில் உள்ளதைத் தவிர எதுவும் கூடாது. அக்கா கொழும்பு முகவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தா. நானா கட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் மூன்றேகால்.

“கடைசி ரெண்டு வரிசையையும் இறக்குவம்,” என்றார்.

பதினெட்டுக் கட்டு. நானா, டிலக்‌ஷன், நான், கடைசியில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவும். தும்பு கையைக் கீறியது. இறக்கி முடித்ததும், நீளப் பக்கம் அந்த இடத்தைப் பிடிக்கும்படி ஒன்றைவிட்டு ஒன்றைக் குறுக்கே திருப்பி அடுக்கத் தொடங்கினார். ஏழாவது கட்டில் கணக்குப் பிழைத்தது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு மறுபடி தொடங்கினார். நான் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கடைசிக் கட்டைத் தோளால் முட்டி உள்ளே தள்ளியபோது, கதவு அதைத் தொட்டுக்கொண்டு சாத்தியது. காலையிலேயே இப்படி அடுக்கியிருக்கலாம். அதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், அன்று அந்த ஒரு மணித்தியாலம் இருக்கவில்லை.

கதவுக்குப் புதிய சீல் துறைமுக வாசலில் தருவதாக முகவர் சொன்னார். அதுவரை எங்கள் ஆள் ஒருவர் பெட்டியோடு வர வேண்டுமாம். நானா ஒன்றும் கேட்காமல் லொறியில் ஏறினார். மறுநாள் காலை பத்தேமுக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. “சீல் அடிச்சாச்சு. நம்பரை எழுதுங்கோ.” நம்பரை இரண்டு தரம் சொல்ல வைத்து எழுதினேன். பெட்டி உள்ளே போனது.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. சிலாகையிலிருந்து ஒரு சிராய் விழுந்திருந்தால்? பழைய சீல் நம்பர் எங்காவது ஒரு காகிதத்தில் தங்கியிருந்தால்? நானா தினமும் வந்து, “ஏதும் வந்திச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாங்கியவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சோதனை முடிந்தது, குறை ஒன்றுமில்லை, அடுத்த கொள்கலன் எப்போது என்று கேட்டிருந்தார்கள். கதவு திறந்தபோது எடுத்த படமும் இருந்தது. அக்கா அழுதா. நானும்தான். நானா படத்தை விரலால் பெரிதாக்கி, கதவடியை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

“நகரயில்லை,” என்றார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, “தங்கச்சி, இனி நான் சொல்றதைக் கேட்டு எழுதாதீங்கோ. வந்து பாத்திட்டு எழுதுங்கோ,” என்றார்.

தன் அடுக்கைப் பற்றி ஒருவரையும் ஒரு சொல் சொல்ல விடாத மனிதர். இப்போது ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டு ஏறியதும் கந்தோர் ஜன்னலைப் பார்த்து என்னைக் கூப்பிடுகிறார். டிலக்‌ஷன் ஹோர்ன் அடித்தாலும், பாங்கு கேட்டாலும், நான் போய்ப் பார்க்கும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்.