யூதப் பாட்டன்மாரைத் தேடித் தரும் மேசை

செத்தவர்களைத் தேடித் தருவது எங்கள் தொழில். லண்டனில் ஒரு நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவு. என் மேசைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் யூதர்கள் தங்கள் முன்னோரைத் தேட உதவும் வழிகாட்டி நூல்கள். தமிழர் நிறைந்த மனோர் பார்க்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. நன்றாகவே செய்கிறேன் என்பதுதான் பதில். தகவல் மேசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்துப் பழகியவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

ஒரு பக்கம்கூட இல்லை

ஒரு கனவான் தன் குடும்பத்தைத் தேட வந்தார். எங்களிடம் உள்ளதிலேயே தடித்த வழிகாட்டியை எடுத்துக் கொடுத்தேன். எந்த ஆவணம் எந்த ஊரில் இருக்கும், அதை எப்படிப் படிப்பது என்றெல்லாம் சொல்லித்தரும் புத்தகம். அவர் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய்ப் பெயர்களை விரலால் தடவிக்கொண்டு வந்தார். பிறகு மூடிவைத்துவிட்டு என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய புத்தகத்தில் என் பாட்டனுக்கு ஒரு பக்கம்கூடவா இல்லை?"

குடும்பப் பெயர் எங்கே?

ஓர் இளம்பெண் கல்லறைக் கல்லின் படத்தைக் காட்டி, எபிரேய எழுத்தில் குடும்பப் பெயரையே காணோம், கல் வெட்டியவர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தார். இறந்தவர் பெயரும் அவருடைய தந்தை பெயரும் மட்டும் வெட்டுவதுதான் வழக்கம் என்று வழிகாட்டியைத் திறந்து காட்டினேன். எனக்கு இது புதிதே அல்ல. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர், கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், மகளுக்குக் கணவரின் பெயர் என்றேன். அவர் கோபத்தை மறந்து இரக்கத்தோடு கேட்டார்.

"ஐயோ, உங்களைத் தேடுவதற்கும் யாராவது புத்தகம் எழுதியிருக்கிறார்களா?"

அண்ணையின் தீர்ப்பு

ரூத் என்ற பெண்மணி வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அண்ணன் சாமுவேலுக்கு இருதய ஆபரேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அப்பப்பாவின், அதாவது அப்பாவின் அப்பாவின், கல்லறையைக் கண்டுபிடித்து, யூத வழக்கப்படி அதன்மேல் ஒரு சிறு கல் வைக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அப்பப்பாவின் பெயரும் சாமுவேல்தான். அதைத்தான் பேரனுக்கு வைத்திருந்தார்கள். அவர் இறந்த வருடம் தெரியாது. வீட்டில் யாரும் மத வழக்கம் எதையும் பேசியதே இல்லை.

என்னோடு வேலை செய்யும் கேதீஸ் அண்ணை, பேரன் சாமுவேல் பிறந்த வருடத்துக்குப் பிறகு தேடினால் போதும் என்று அடித்துச் சொன்னார். அந்தக் குடும்பப் பெயரில் லண்டனில் தடுக்கி விழுந்தால் ஒருவர். ரூத் நாள் முழுக்கத் தேடியும் பொருந்தும் ஆள் கிடைக்கவில்லை. அவர் கண் கலங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று அண்ணையைத் தமிழில் பிடிபிடியென்று பிடித்தேன்.

"என்ன பிள்ளை, பேரனை மடியில வைச்சு அப்பப்பாதானே பேர் சொல்லுறவர்? அதுக்கு முதல் அவர் எப்பிடிச் சாகிறது?"

ஏற்கனவே ஆள் இருக்கிறார்

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அது எங்கள் வழக்கம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் உயிரோடு இருக்கும் உறவினரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை. வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது. ரூத்தின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. அப்படியானால் பேரன் பிறக்கும் முன்பே அப்பப்பா போயிருக்க வேண்டும். பின்னோக்கித் தேடினோம். கிழக்கு லண்டன் மயானம் ஒன்றின் பதிவில் அவர் இருந்தார். மனைவி பெயரும் முகவரியும் பொருந்தின. ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தபின் ரூத் கேக்கோடு வந்தார். ஆபரேஷனுக்கு முன் மயானத்துக்குப் போனபோது தன் பெயரையே கல்லில் பார்த்து அண்ணன் கலங்கிவிடுவாரோ என்று பயந்திருந்தாராம். சாமுவேல் கொண்டுபோன சிறு கல்லை வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"இந்தப் பெயருக்கு இங்கே ஏற்கனவே ஆள் இருக்கிறார், எனக்கு ஒன்றும் அவசரமில்லை."

இத்தனை வருடத்தில் செத்தவர் எவரும் என்னைப் பாடாய்ப் படுத்தியதில்லை. அந்த வேலையை அவர்களைத் தேடி வருகிறவர்களும் கேதீஸ் அண்ணையும் பார்த்துக்கொள்கிறார்கள்.